வடிவின் இடது கண்

சண்முகவடிவு முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பேக்கரிக்கும் துணிக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மூக்குக்கண்ணாடிக் கடை என்னுடையது. வாப்பா மௌத்தாகி நான் கடையைப் பொறுப்பெடுத்த வருஷம் அது. அவளுடைய அப்பா நல்லமுத்து, டீச்சர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை மேசையில் வைத்து, "புள்ள பொஸ்தகத்த மோந்து மோந்து படிக்குதுங்க மொதலாளி" என்றார். சோதித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் நான்கு. அந்த வயதுக்கு அது அதிகம்.

அடுத்த வாரம் கண்ணாடியை மாட்டிவிட்டேன். வாசலில் நின்று எதிரே நின்ற பஸ்களின் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு திரும்பி நல்லமுத்துவை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்ப்பா, ஒங்க மூஞ்சில இவ்ளோ அம்மத் தழும்பா இருக்கு?" என்று கேட்டாள். மனுஷன் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரன் எட்டிப் பார்த்தான். அன்றைக்கே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போயிற்று. அவளும் என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடத் தொடங்கினாள். இருபத்தொன்பது வருஷமாக அப்படித்தான் கூப்பிட்டாள்.

பவர் வருஷா வருஷம் ஏறியது. பதினாறு வயதில் சாதாரணதரப் பரீட்சை எழுதும்போது மைனஸ் எட்டரை. பள்ளிக்கூடத்தில் சோடாப்புட்டி என்று பெயர் வைத்தார்கள். "சோடா வேணும்னா காசு குடுத்து வாங்கிக் குடி" என்று திருப்பிக் கொடுப்பாள். வாய்க்குக் குறைச்சல் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று மட்டும் அத்தைமார் பேச்சைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். மாப்பிள்ளை யார், மாப்பிள்ளையின் சித்தப்பா யார் என்று தெரியாமல், தட்டை நேரே சித்தப்பாவிடம் கொண்டுபோய் நீட்டி, தலையைக் குனிந்து வெட்கமும் பட்டுவிட்டு வந்தாள். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு வந்த கஜேந்திரன் கண்ணாடியோடே பார்த்துச் சம்மதம் சொன்னான். கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்துபோகிற புருஷன், ஆனால் தங்கமானவன். பிரேமினி என்று ஒரு மகள்.

நல்லமுத்து போனபிறகு அவர் வேலை பார்த்த தோட்டத்துப் பெக்டரியிலேயே வடிவுக்கும் வேலை கிடைத்தது. காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறையில். அந்த அறைக்குள் நான் ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். இலைத் தண்டிலிருந்து உதிரும் பஞ்சும் தூளும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். பல்ப் வெளிச்சத்தைச் சுற்றிக் கொசு மாதிரி பறக்கும். புருவத்தில், இமையில், சேலை மடிப்பில் எல்லாம் பழுப்புப் பஞ்சு. வேலை முடிந்து வருகிறவர்களை அதை வைத்தே அடையாளம் சொல்லலாம்.

அங்கே வடிவுதான் ராணி. கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றினால் தூரத்தில் யானை தெரியாது, மூக்குக்குப் பக்கத்தில் எறும்பின் கால் தெரியும். அவள் ஒரு பிடி தூளை அள்ளி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்து, மற்றவர் கண்ணுக்குப் படாத செந்தண்டை நகத்தால் எடுத்துப் போடுவாள். டீமேக்கர் ஐயா, அதாவது பெக்டரியை நடத்துகிறவர், அவள் பார்த்துத் தலையாட்டாத தேயிலையை மூட்டை கட்ட விடமாட்டார். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வரும் பெருமையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெருமைக்கு வினை ஒரு திருகாணியாக வந்தது. பழைய கண்ணாடி பிரேமைத் தூக்கிப் போடு என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன், அவள் நூல் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் திருகாணி கழன்று, இடது பக்க வில்லை சல்லடைக்குள் விழுந்துவிட்டது. மெஷினை நிறுத்தி, அன்றைய தேயிலை முழுவதையும் கொட்டித் திரும்பச் சலித்து, சாயங்காலம்தான் வில்லையைக் கண்டுபிடித்தார்கள். வெளிநாட்டுக்குப் போகிற தேயிலை, விடுவார்களா? கண்ணாடி போட்டவர்கள் இனி அந்த அறைக்குள் வரக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த அறையில் கண்ணாடி போட்டவள் ஒருத்திதான். அவளை மேல்மாடியில் பச்சைக் கொழுந்து பரப்புகிற வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான். ஆனால் ராணியைக் கூட்டிப் பெருக்க விட்டால் எப்படி இருக்கும்?

"லேசர் செய்யப்போறேன் நானா" என்று அவள் வந்து சொன்னது அப்போதுதான். ஏலச்சீட்டு எடுத்து, கஜேந்திரன் பங்கும் போட்டு, கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாளும் குறித்துவிட்டாள்.

லேசரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. காரணம் மருத்துவம் இல்லை, வயிற்றெரிச்சல். எல்லாரும் லேசர் செய்துகொண்டால் நான் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டவேண்டியதுதானே. "அல்லாஹ் தந்த கண்ணை நெருப்பால சுடச் சொல்லி யாரு புள்ள ஒனக்குச் சொன்னது?" என்று சத்தம் போட்டேன். கடையில் இருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அது நெருப்பு இல்லைங்க நானா, வெளிச்சம்" என்று அவள் எனக்கு விளக்கம் சொன்னாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

போனாள், செய்தாள், வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, என் கடைக்குள் மாட்டியிருந்த கலண்டரில் இருந்த தேதியைக் கத்திச் சொன்னாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினேன். கடைசி வரிவரை தட்டாமல் வாசித்தாள். லேசர் வேலை செய்ததா என்று கேட்டால், செய்தது. இதில் நான் பொய் சொன்னால் எனக்கு நரகம்தான். மைனஸ் எட்டரையைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள். முதல் ரெண்டு மூன்று மாதம் கண் காய்கிறது, வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்றாள். பிறகு அதுவும் போய்விட்டது. சலிக்கிற அறைக்குத் திரும்பினாள். முன்போல எறும்பின் கால் தெரியவில்லை என்று மட்டும் ஒருமுறை சிரித்துக்கொண்டே குறைப்பட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த தமிழ் நர்ஸ் ஒருத்தி அவளிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதை வடிவு வந்த அன்றே எனக்கு ஒப்பித்தாள். "பவருதான் போகுமாம் நானா, கண்ணு அதே கண்ணுதானாம். எங்கள மாதிரி ஆளுக்கு கண்ணு உருண்ட கொஞ்சம் நீளமாம். அதனால உள்ளுக்கு இருக்கிற சவ்வு இழுபட்டு மெலிஞ்சி இருக்குமாம். வருஷத்துக்கு ஒருக்கா காட்டணுமாம். மின்னல் மாதிரி வெட்டுனாலோ, கறுப்புப் புள்ளி பறந்தாலோ அன்னைக்கே ஓடி வரணுமாம்." நான் தொழில் தெரிந்தவன். அவள் சொன்னது அத்தனையும் சரி என்று எனக்குத் தெரியும். "சரி சரி, பெரிய டாக்டரம்மா ஆகிட்ட" என்று கிண்டல் பண்ணி அனுப்பினேன்.

முதல் வருஷம் கொழும்புக்குப் போய்க் காட்டினாள். இரண்டாம் வருஷம் போகவில்லை. நல்லாத் தெரிகிற கண்ணைக் காட்ட ஒரு நாள் பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, ஏன் விடவேண்டும் என்று நினைத்தாள். அந்த வருஷம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைப் பையோடு கடைக்கு வந்தாள். ரெண்டு நாளாக வலது கண்ணில் கறுப்பாகப் பஞ்சு பறக்கிறதாம். கழுவியும் போகவில்லையாம்.

"எந்நேரமும் பறக்குதா?"

"ஆமாங்க நானா. நம்ம பெக்டரிப் பஞ்சு மாதிரியேதான் இருக்கு. வீட்டுக்கு வந்தும் பறக்குது."

டோர்ச் அடித்துப் பார்த்தேன். என் டோர்ச்சுக்குக் கண்ணின் வாசல்தான் தெரியும், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு இருந்தது. கடையில் சந்தை நாள் கூட்டம். "கண்ணுல தூசி விழுந்து ஈக்கி புள்ள. வருஷக்கணக்கா பஞ்சுக்குள்ள நிக்கிற, கண்ணுக்குள்ள போகாம பின்ன எங்க போகும்?" என்று ஒரு சொட்டுமருந்து போத்தலை எடுத்துக் கொடுத்தேன். "ஒரு நாளைக்கு நாலு தரம், ஒரு வாரத்துக்கு ஊத்து."

அவள் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். "அந்த நர்ஸம்மா சொன்னது இதுவா இருக்காதுங்களே?"

எனக்கு அந்த நர்ஸம்மா மேல் பழைய கோபம் மிச்சம் இருந்தது. "அந்த நர்ஸ் ஒங்க பெக்டரிக்குள்ள வந்து பஞ்சப் பாத்திருக்காவா? நான் பாத்திருக்கேன். போ" என்றேன்.

அவள் சிரித்தாள். என்னை நம்பினாள். போய்விட்டாள்.

நாலாம் நாள் மூக்குப் பக்கமாக ஒரு நிழல் விழத் தொடங்கியிருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து விடாமல் ஊற்றியிருக்கிறாள். ஏழாம் நாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணில் ஒன்றுமே இல்லை. பிரேமினி கையைப் பிடித்துக்கொண்டு என் கடைக்குத்தான் வந்தாள். கடையைப் பாதியில் இழுத்து மூடிவிட்டு, நானே அவளைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வடிவுக்குச் சிங்களம் சந்தைக்குப் போதும், டாக்டருக்குப் போதாது. ஆகவே நான்தான் நடுவில் நின்றேன். டாக்டர் நல்ல மனுஷர், அவசரப்படாமல் சொன்னார். கண்ணின் பின்பக்கச் சவ்வில் ஓட்டை விழுந்து, சவ்வு கழன்றுவிட்டது. ஒப்பரேஷன் செய்து ஒட்டிப்பார்க்கலாம், ஆனால் நடுப்பகுதியும் கழன்றுவிட்டதால் பார்வை வரும் என்று சொல்வதற்கில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "புள்ளி பறந்த அன்றைக்கே, நிழல் விழுவதற்கு முன்னாவது வந்திருந்தால் ஓட்டையைச் சுற்றி லேசரால் அடைத்து அனுப்பியிருப்போம். ஒரு வாரமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், வேறொன்றைக் கேட்டேன். முன்பு கொழும்பில் செய்த லேசரால் இது வந்திருக்குமா? டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். அது கண்ணின் முன்தோலில் செய்வது, இது பின்பக்கத்து வியாதி. இவ்வளவு பவர் இருந்த கண்ணுக்கு, காலம் முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தாலும் இது வரலாம் என்றார். இடது கண்ணையும் பார்த்துவிட்டு, அதிலும் ஒரு மெலிந்த இடமும் சின்ன ஓட்டையும் இருக்கிறது, வலது கண் ஒப்பரேஷன் முடிந்த கையோடு அதை லேசரால் அடைத்தே ஆகவேண்டும் என்று கிளினிக் கொப்பியில் திகதியும் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வாங்கில் உட்கார்ந்ததும் வடிவு என் சட்டைக் கையைப் பிடித்தாள். "டாக்டர் என்னா சொன்னாருங்க நானா? என்னத்துனால இப்படி ஆச்சாம்?"

எட்டு மணிநேரம் சாப்பிடாமல் வந்திருந்த எனக்கு அந்த நேரத்தில் பசி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் வரத்தானே செய்யும். "லேசர் செஞ்ச கண்ணு இல்லையா புள்ள, பலவீனமாத்தான் இருக்குமாம்" என்றேன். டாக்டர் சொல்லாததை டாக்டர் வாயில் வைத்தேன். சொன்னதை விழுங்கினேன்.

ஒப்பரேஷன் செய்தார்கள். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ ஆடுவது தெரிகிறது, அவ்வளவுதான். அதன்பிறகு அவள் குடியிருந்த தோட்டத்து லயத்திலும் பெக்டரியிலும் கேட்டவர்களுக்கெல்லாம் வடிவு அதையே சொன்னாள். கடைக்கு வந்து என்னிடம் கேட்டவர்களுக்கு நானும் அதையே சொன்னேன். "அன்னைக்கே தலையால அடிச்சிக்கிட்டேன், கேட்டாத்தானே" என்று சேர்த்தும் சொன்னேன். ஆட்கள் உச்சுக்கொட்டினார்கள். நானா சொன்னது சரியாகப் போய்விட்டது என்று எனக்குப் பெயரும் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள்.

இடது கண்ணுக்குக் கொடுத்த திகதிக்கு அவள் போகவில்லை. வலது கண்ணைக் காட்டப் போனபோது கிளினிக்கில் இன்னொரு திகதி போட்டார்கள், அதற்கும் போகவில்லை. சந்தையில் பிரேமினியைக் கண்டு கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. "அம்மா லேசர் வேணாமின்னுட்டாங்க மாமா."

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று கடையை மூடிவிட்டு லயத்துக்குப் போனேன். வடிவு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. கோப்பைக்கு வெளியே கொதிதண்ணி கொட்டியது. மகள் வந்து சத்தம் போடாமல் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கோப்பைக்கு நேரே நகர்த்தினாள். தினமும் நடக்கிற காரியம் போல இருந்தது.

"புள்ள, இது வேற லேசர்" என்று ஆரம்பித்தேன். "ஓட்டை பெரிசாகாம சுத்தி அடைக்கிறது. பத்து நிமிஷ வேலை."

"வேறன்னு தெரியுங்க நானா. கிளினிக்குல படம் ஒட்டியிருந்திச்சி, பாத்தேன். ஆனா வெளிச்சம் பட்டுத்தான ஒரு கண்ணு போச்சி. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. அதையும் கொண்டுபோயி அந்த மெஷினுக்கு முன்னால வைக்கச் சொல்றீங்களா?"

"அதனால போகல புள்ள."

"நீங்கதானங்க சொன்னீங்க."

அதற்கு மேல் ஒளிக்க இடமில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் லேசரைக் குற்றம் சொல்லவில்லை என்று, நிழல் விழுவதற்கு முன்னால் போயிருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று, போகவிடாமல் தடுத்தது என் வாய்தான் என்று. சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் முடித்தபிறகு வடிவு, "அப்ப அந்த மருந்து?" என்றாள்.

"கண் காயாம ஈக்க ஊத்துறது. தண்ணி மாதிரித்தான்."

"ஏழு நாளும் ஊத்தினேன் நானா. ஒரு வேளகூட விடல."

நான் அழுதேன். ஐம்பத்தாறு வயதில், இன்னொருவர் வீட்டில், சின்னப் பிள்ளைக்கு முன்னால் அழுதேன். வடிவு அழவில்லை. வியாழக்கிழமை கிளினிக் இருக்கிறது, முதல் பஸ்ஸுக்கு நான் ஸ்டாண்டில் நிற்கிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன், இந்த ஒரு கண்ணையாவது காப்பாற்றிவிடு என்று கெஞ்சினேன்.

"இப்ப சொல்றது உண்மைங்களா நானா? இல்ல என்னய எப்படியாச்சும் அனுப்பி வச்சிடணும்னு சொல்றீங்களா?"

"அல்லாஹ் மேல ஆணையா உண்மை."

அவள் இருக்கிற ஒரு கண்ணால் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கண்டியில சொன்னப்பவும் இதே மொகந்தாங்க நானா" என்றாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு பிரேமினி கடைக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்று, "அந்த டாக்டருக்குத் தமிழ் தெரியுமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றாள்.

"தெரியாது மகள்" என்றேன்.

பிள்ளை தலையை ஆட்டிவிட்டு ரோட்டைக் கடந்து பஸ்ஸில் ஏறினாள். வியாழக்கிழமை நான் ஸ்டாண்டில் நின்றேன். முதல் பஸ் போனது, அடுத்ததும் போனது. வடிவு வரவில்லை.